கீபோர்டுக்கு எண்ணெய் போடுகிறவர்கள் கவனத்துக்கு

விடுதி அறை ஒன்றில் இரவு பதினோரு மணி. மறுநாள் ஒப்படைக்க வேண்டிய அறிக்கையை ஒரு மாணவன் அவசரமாகத் தட்டிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். காசு சேர்த்து ஆசையாக வாங்கிய மெக்கானிக்கல் கீபோர்டு. மற்ற விசைகள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஸ்பேஸ் பார் மட்டும் ஒவ்வொரு அழுத்தலுக்கும் கடகடவென்று சத்தம் போடுகிறது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன் இரண்டு முறை புரண்டு படுத்துவிட்டான். மூன்றாவது முறை எழுந்தே உட்கார்ந்து, "கொஞ்சம் எண்ணெய் விடுடா, சரியாப் போயிடும்" என்கிறான். கதவுக் கீலுக்கும் சைக்கிளுக்கும் வாங்கி வைத்த நீல, மஞ்சள் நிற டபிள்யூடி-40 டப்பா அலமாரியில் தயாராக இருக்கிறது. கீகேப்பைப் பிடுங்கிவிட்டு உள்ளே ஒரு பீச்சு. சத்தம் நின்றுவிட்டது. இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

அந்த நிம்மதி சில நாளைக்குத்தான். பிறகு சத்தம் திரும்பி வரும். கூடவே தூசியும் பிசுக்கும் சேர்ந்துகொள்ளும். காரணம் எளிது. அந்த டப்பாவில் இருப்பதில் பெரும்பகுதி எண்ணெயே அல்ல, ஆவியாகிப் போகும் பெட்ரோலியக் கரைப்பான். 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், ஏவுகணையின் உலோக உடல் துருப்பிடிக்காமல் இருக்க, தண்ணீரை விரட்டும் திரவமாகத் தயாரிக்கப்பட்டது அது. பெயரில் உள்ள இரண்டு ஆங்கில எழுத்துகளும் தண்ணீரை விரட்டுவதைத்தான் குறிக்கின்றன. 40 என்பது நாற்பதாவது முயற்சி. துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற அதைப்போல உதவும் பொருள் குறைவு. ஆனால் கீபோர்டுக்குள் போனால் ஏற்கெனவே இருக்கும் நல்ல கிரீஸையும் கழுவிவிட்டு, மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடும். பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கிலும் தெளிந்த பாலிஸ்டைரினிலும் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பு நிறுவனமே சொல்கிறது. விளக்கு எரியும் கீபோர்டுகளில் ஸ்விட்சின் மேல்மூடி பெரும்பாலும் பாலிகார்பனேட்தான்!

ஆக, தவறு அந்த டப்பாவுடையது அல்ல. வழுக்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, எதன்மேல் போடுகிறோம் என்று பார்க்காததுதான் தவறு.

ஒரு ஸ்விட்சுக்குள் என்ன இருக்கிறது?

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனி ஸ்விட்ச் உண்டு. இன்று விற்கும் பெரும்பாலானவை, 1980-களில் ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் கொண்டுவந்த எம்எக்ஸ் வடிவத்தின் வழிவந்தவை. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு கெய்ல், கேட்டரான் போன்ற சீன நிறுவனங்களும் அதே வடிவத்தில் இறங்கின. விலையும் இறங்கியது.

அந்தச் சின்னஞ்சிறு பெட்டிக்குள் நான்கைந்து பொருள்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. வெளிக்கூடு பெரும்பாலும் நைலான் அல்லது பாலிகார்பனேட். நடுவில் மேலும் கீழும் போய்வரும் தண்டு பாலிஆக்ஸிமெத்திலின் என்கிற பிளாஸ்டிக், சுருக்கமாகப் பாம். அதன் அடியில் எஃகு ஸ்பிரிங். பக்கத்தில் செம்புக் கலவையில் செய்த மெல்லிய தகடு. அதன் தொடுமுனையில் தங்கம். விரல் படும் கீகேப் ஏபிஎஸ் அல்லது பிபிடி பிளாஸ்டிக். ஸ்பேஸ் பார், என்டர் போன்ற நீளமான விசைகளுக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஆடாமல் இருக்க எஃகுக் கம்பியோடு ஸ்டெபிலைசர் ஒன்று உண்டு. நள்ளிரவில் கடகடத்தது அந்தக் கம்பிதான்.

இவற்றில் எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒரே குணம் கொண்டவை அல்ல. நைலானும் பாமும் ரசாயனங்களைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ்ஸும் அப்படி அல்ல. இறுக்கமாகப் பொருத்தப்பட்ட நிலையில், ஒவ்வாத எண்ணெயோ கரைப்பானோ பட்டால், கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் விடும். உடனே தெரியாது. பல நாள் கழித்து ஒரு நாள் கொக்கி பட்டென்று உடையும். எண்ணெய் போட்டது அதற்குள் மறந்தே போயிருக்கும். "மட்டமான பிளாஸ்டிக்" என்று கீபோர்டு கம்பெனிக்குத் திட்டு விழும்.

முதலில், எண்ணெய் தேவையா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. செர்ரி தன் எம்எக்ஸ் ஸ்விட்சுகளுக்கு முதலில் 5 கோடி அழுத்தல் என்றும், பின்னர் பல வகைகளுக்கு 10 கோடி அழுத்தல் என்றும் ஆயுள் சொன்னது. வாங்கியவர் கழற்றி எண்ணெய் போடுவார் என்று எதிர்பார்த்துச் சொன்ன கணக்கு அல்ல அது. பாம் பிளாஸ்டிக்குக்கு இயல்பாகவே வழுக்கும் தன்மை உண்டு. அதனால்தான் தண்டை அதில் செய்கிறார்கள்.

அப்படியானால் எதற்காக எண்ணெய்? சுகத்துக்காக. உரசல் குறையும், ஸ்பிரிங்கின் 'டிங்' ஓசை அடங்கும், தட்டும்போது வரும் சத்தம் சற்றுக் கனமாகி இனிமையாகும். இதில் தவறேதும் இல்லை. நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவருக்கு விரலின் சுகம் சின்ன விஷயம் அல்ல. ஆனால் எண்ணெய் போடுவது பராமரிப்பு அல்ல, அலங்காரம் என்று தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் என்ஜினில் எண்ணெய் இல்லாவிட்டால் என்ஜின் போய்விடும். கீபோர்டில் எண்ணெய் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. தவறான எண்ணெய் போட்டால்தான் ஆகும். சரியான பொருள் கைக்கு வரும்வரை எதுவும் போடாமல் இருப்பதே மேல் என்பதுதான் இந்த விஷயத்தின் முதல் பாடம்.

வீட்டில் இருப்பவை

கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதைப் போடத்தான் எவருக்கும் தோன்றும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தேங்காய் எண்ணெய்: சுமார் 24 டிகிரியில் உறைந்துவிடும். ஏசி போட்ட அறையில் விசை இறுகும், வெளியே வந்தால் இளகும். நாள்பட்டால் சிக்குவாடை அடிக்கும். இதோடு போவதில்லை. எண்ணெய் கெடும்போது உருவாகும் கொழுப்பு அமிலங்கள் செம்பு, பித்தளை மேல் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். ஸ்விட்சின் தகடு செம்புக் கலவை. சமையல் எண்ணெய் எதுவாக இருந்தாலும் இந்தக் கதைதான். சில எண்ணெய்கள் காய்ந்து கோந்து போலவே ஆகிவிடும்.

தையல் மெஷின் எண்ணெய்: சுத்தமான கனிம எண்ணெய்தான். ஆனால் மிகவும் நீர்த்தது. விட்ட இடத்தில் நிற்காது. தண்டில் விட்டால் தகட்டுக்கு ஊர்ந்து போகும், அங்கிருந்து அடியில் உள்ள சர்க்யூட் பலகைக்கும் போகும். அடிக்கடி எண்ணெய் விட்டுத் துடைக்கக்கூடிய எந்திரத்துக்கு அது சரி. மூடிய பெட்டிக்கு ஒத்துவராது.

வாசலின்: வெயில் காலத்தில் இளகி வழிந்துவிடும். ரப்பர் பாகங்கள் இருந்தால் அவற்றை ஊத வைக்கும்.

வண்டிக்குப் போடும் கிரீஸ்: எஃகின் மேல் எஃகு ஓடுவதற்காகச் செய்தது. பாரம் தாங்கச் சேர்க்கும் ரசாயனங்கள் பிளாஸ்டிக்கை மனதில் வைத்துச் சேர்த்தவை அல்ல. கருப்பு கிரீஸில் கிராஃபைட் இருந்தால் இன்னும் ஆபத்து. கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். அழுத்தாத விசை அழுத்தியதாகப் பதிவாக அது போதும்.

சரி, எதுதான் நல்லது?

கிரீஸ் என்பது இரண்டு பொருள்களின் சேர்க்கை. ஒன்று எண்ணெய். மற்றொன்று அந்த எண்ணெயைப் பஞ்சு போலப் பிடித்து வைத்திருக்கும் கெட்டிப் பொருள். எவ்வளவு கெட்டி என்பதற்கு என்எல்ஜிஐ என்ற அளவுகோல் இருக்கிறது. மூன்று பூஜ்யம் என்றால் கிட்டத்தட்ட திரவம். 2 என்பது சாதாரண வண்டி கிரீஸ். ஸ்விட்சுக்கு 0 அல்லது அதற்கும் இளகலானது போதும். அதைவிடக் கெட்டியானால் மென்மையான ஸ்பிரிங் தண்டை மேலே தள்ளத் திணறும். விசை சோம்பலாகத் திரும்பி வரும்.

கீபோர்டுப் பிரியர்களிடையே அதிகம் பேசப்படுவது கிரைடாக்ஸ் 205 கிரீஸ், அதிலும் கெட்டி எண் 0. இதன் எண்ணெய் பெர்ஃப்ளூரோபாலிஈதர் என்ற வகை. கெட்டிப் பொருள், தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசும் அதே பிடிஎஃப்இ. எதோடும் வினைபுரியாது என்பதுதான் இதன் பெருமை. திரவ ஆக்சிஜன் பட்டால்கூடத் தீப்பிடிக்காது என்பதால் விண்வெளித் துறையிலும் ஆக்சிஜன் குழாய் வால்வுகளிலும் இடம் பிடித்தது. பாலிகார்பனேட்டோ ஏபிஎஸ்ஸோ ரப்பரோ, எதையும் தொந்தரவு செய்யாது. காய்ந்து கோந்தாகாது. மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்பிரிங்குக்கு மட்டும், கெட்டிப் பொருள் கலக்காத 105 என்ற எண்ணெய் போதுமானது. ட்ரைபோசிஸ் 3203, 3204 ஆகியவையும் இதே குடும்பம்.

ஒரு சிக்கல் உண்டு. எதோடும் சேராத பொருளைக் கழுவி எடுப்பதும் கஷ்டம். ஆல்கஹாலில் கரையாது. அதிகமாகப் பூசிவிட்டு அப்புறம் துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது. 5 மில்லி குப்பி பல கீபோர்டுகளுக்கு வரும் என்றால் ஒரு ஸ்விட்சுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்டெபிலைசர் கம்பிக்கு இன்னும் கெட்டியான கிரீஸ் தேவை. அங்கே பலரும் போடுவது சிலிகோன் வகையான டைஎலக்ட்ரிக் கிரீஸ். கார்களில் ஸ்பார்க் பிளக் தொப்பிக்குள் தடவுவார்களே, அதுதான். பெயரைக் கேட்டு இது மின்சாரத்தைக் கடத்தும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நேர் எதிர். டைஎலக்ட்ரிக் என்றால் கடத்தாது என்று பொருள். ஆகவே தங்க முனையில் இதைத் தடவினால் தொடர்பு சிறக்காது, கெடும். பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது என்பது இதன் நல்ல குணம். ஆனால் சிலிகோன் கிரீஸைச் சிலிகோன் ரப்பர் மேல் போடக் கூடாது. இனம் இனத்தோடு சேரும்; ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதிவிடும். ரப்பர் குமிழ் வைத்த கீபோர்டுக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு யாருக்கு?

இதுவரை பார்த்தது கீபோர்டின் பாதுகாப்பு. பேச்சு பெரும்பாலும் இதோடு முடிந்துவிடுகிறது. போடுகிற மனிதரின் பாதுகாப்பு?

அறை வெப்பத்தில் கிரைடாக்ஸ் வகை கிரீஸ்கள் சாதுவானவை. விரலில் பட்டால் கொப்பளிக்காது, நாற்றம் கிடையாது. அந்தச் சாதுத்தனம்தான் அலட்சியத்தைக் கொடுக்கிறது. பிடிஎஃப்இ போன்ற ஃப்ளூரின் பொருள்கள் 300 டிகிரியை ஒட்டியும் அதற்கு மேலும் சூடாகும்போது சிதைந்து நச்சுப் புகை விடும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் ஃப்ளூ போலக் காய்ச்சலும் குளிரும் வரும் என்பது தொழிற்சாலைகளில் நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். கையில் ஒட்டிய துகள் சிகரெட்டில் பட்டு, அந்தச் சிகரெட் புகையோடு உள்ளே போய் நோய் வந்ததும் உண்டு.

கீபோர்டு மேசையில் 300 டிகிரி எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். சால்டரிங் அயர்ன்! பல கீபோர்டுகளில் ஸ்விட்சைக் கழற்ற ஈயம் உருக்கித்தான் ஆக வேண்டும். அயர்னின் முனை சுமார் 350 டிகிரியில் இருக்கும். கிரீஸ் தூரிகையும் அயர்னும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில், ஜன்னல் மூடிய அறையில் இருப்பது சாதாரணக் காட்சி. இரண்டு வேலையையும் இரண்டு நாளுக்குப் பிரித்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? கையுறை போடுவது, முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுவது, அதற்குமுன் சாப்பாடோ சிகரெட்டோ தொடாமல் இருப்பது. செலவில்லாத காரியங்கள் இவை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த கிரீஸ்கள் பிஃபாஸ் என்ற பெரிய ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கார்பனும் ஃப்ளூரினும் பிணைந்த பிணைப்பை இயற்கை எளிதில் உடைக்காது. எது இவற்றின் பெருமையோ அதுவே இவற்றின் பாவமும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜினியாவில், பார்க்கர்ஸ்பர்க் ஊரருகே இருந்த ட்யூபான்ட் ஆலையில், பிடிஎஃப்இ தயாரிப்புக்கு உதவிய பிஎஃப்ஓஏ என்ற ரசாயனம் குடிநீரில் கலந்தது. 2001-ல் மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். சிறுநீரகப் புற்றுநோய் உட்பட ஆறு நோய்களோடு அதற்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று விஞ்ஞானிகள் குழு 2012-ல் முடிவுக்கு வந்தது. 2017-ல் சுமார் 67 கோடி டாலர் நஷ்ட ஈடு தர ஒப்புக்கொள்ளப்பட்டது. 2023-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அந்த ரசாயனத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. கிரைடாக்ஸ் பெயரும் ட்யூபான்ட் வீட்டிலிருந்து வந்ததுதான்; 2015-ல் பிரிந்த கெமூர்ஸ் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. குப்பியில் இருக்கும் கிரீஸும் பிஎஃப்ஓஏவும் ஒன்றல்ல. ஒரு மாணவன் பூசும் இரண்டு மில்லியால் எந்த ஊர்க் குடிநீரும் கெட்டுவிடாது. ஆனால் போக்கு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். 3எம் நிறுவனம் 2025 முடிவுக்குள் பிஃபாஸ் தயாரிப்பை விட்டுவிடுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஆகிய ஐந்து நாடுகள் இந்தக் குடும்பம் முழுவதற்கும் கட்டுப்பாடு கோரும் முன்மொழிவை 2023-ல் ஐரோப்பிய ரசாயன முகமையிடம் கொடுத்தன. இப்படிப்பட்ட பொருளை வெறும் சத்தத்துக்காகப் போடும்போது, தேவையான அளவு மட்டும் போடுவதும், மிச்சத்தையும் துடைத்த துணியையும் சாக்கடையில் கழுவி விடாமல் இருப்பதும் குறைந்தபட்ச நாகரிகம். எல்லா ஸ்விட்சுக்கும் இதுவே வேண்டும் என்றும் இல்லை. பிளாஸ்டிக் பற்சக்கரங்களுக்காகவே தயாரிக்கப்படும் செயற்கை எண்ணெய் கிரீஸ்களும் சிலிகோன் கிரீஸும் பல இடங்களில் போதும். புதிதாக வாங்குகிறவருக்கு இன்னும் எளிய வழி, ஆலையிலேயே கிரீஸ் பூசி வரும் ஸ்விட்சுகளை வாங்குவது. செர்ரியே 2023-ல் எம்எக்ஸ்2ஏ என்ற பெயரில் அப்படிக் கொண்டுவந்துவிட்டது.

பெயரில்லாத டப்பாக்கள்

எல்லாவற்றிலும் கவலை தருவது வேறொன்று. பெரிய டின்னில் வாங்கிய கிரீஸைக் கடைக்காரர்கள் கட்டைவிரல் அளவு டப்பாக்களில் பிரித்து விற்கிறார்கள். அதில் தவறில்லை, அரைக் கிலோ கிரீஸை வைத்துக்கொண்டு ஒரு மாணவன் என்ன செய்வான்? ஆனால் டப்பாவின் மேல் 'கீபோர்டு லூப்' என்பதைத் தவிர வேறொன்றும் எழுதியிருப்பதில்லை. எண்ணெய் எந்த வகை? கெட்டிப் பொருள் எது? கெட்டி எண் என்ன? சூடு பட்டால் என்ன ஆகும்? தொழிற்சாலைக்குப் போகும் டின்னோடு பாதுகாப்புத் தகவல் தாள் போகிறது. அதே பொருள் வீட்டுக்கு வரும்போது அந்தத் தாள் காணாமல் போகிறது. தொழிலாளிக்குச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை பதினெட்டு வயது மாணவனுக்கு வேண்டாமா?

தீப்பெட்டி முதல் ஷாம்பு பாக்கெட் வரை எல்லாவற்றிலும் உள்ளே இருப்பதை அச்சடிக்கும் காலம் இது. பெயர் சொல்லாத கிரீஸை வாங்க மாட்டோம் என்று வாங்குகிறவர்கள் சொன்னால் விற்கிறவர்கள் தானாக எழுதுவார்கள். விலை குறைவு என்பது மட்டுமே தகுதியாக இருக்கும் டப்பாவைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

போடுவது என்று முடிவானால்

ஸ்விட்சைத் திறக்காமல் மேலிருந்து பீச்சுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான முறை. போன இடம் தெரியாது. கழற்றி, மெல்லிய ஓவியத் தூரிகையால், தண்டு உரசும் இரண்டு பக்கத் தடங்களிலும் ஸ்பிரிங்கின் நுனிகளிலும் மட்டும் தடவ வேண்டும். வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம். தங்க முனைத் தகட்டின் பக்கம் தூரிகையே போகக் கூடாது. அழுத்தும்போது நடுவில் தட்டுப்படும் வகை ஸ்விட்சுகளில் தண்டின் இரண்டு கால்களை விட்டுவிட வேண்டும்; இல்லாவிட்டால் அந்தத் தட்டுப்பாடே மழுங்கிவிடும். 'கிளிக்' என்று ஒலிக்கும் வகையைத் தொடாமலே விடலாம்.

புது கிரீஸ் எதுவானாலும் முதலில் ஒரு பழைய ஸ்விட்சில் பூசி, மூடி, இரண்டு வாரம் ஓரமாக வைத்துப் பார்க்கலாம். விரிசல், நிறமாற்றம், பிசுபிசுப்பு எதுவும் இல்லையென்றால் மற்றவற்றுக்குப் போடலாம். 104 விசை கொண்ட கீபோர்டு முழுவதையும் கழற்றிய பிறகு தவறு தெரிவதைவிட ஒரு ஸ்விட்ச் போவது பெரிய நஷ்டம் அல்ல.

விடுதி அறை மாணவனுக்கு அந்த இரவில் தேவைப்பட்டது எண்ணெய்கூட அல்ல. ஸ்பேஸ் பாருக்கு அடியில் இருந்த ஒரு கம்பியின் இரண்டு முனைகளில், கடுகளவு சிலிகோன் கிரீஸ். அது கிடைக்கும்வரை பக்கத்துக் கட்டில்காரன் காதில் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தால் கீபோர்டும் பிழைத்திருக்கும்.